முன்கதை தெரிந்தவன்

முன்கதை என்று ஒன்று இருந்தால், அதைப் படம் பார்த்து முடித்த பிறகு பார்க்கிறவன் நான். வேண்டுமென்று செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத்தான் கிளம்புகிறேன். போய்ச் சேர்வது மட்டும் பின்வாசல் வழியாக இருக்கிறது.

பெரிய பட்ஜெட் படம் ஒன்று திரைக்கு வருமுன், அதே கதையுலகத்தில் நடக்கிற சின்ன அனிமேஷன் படத்தை வெளியிடும் பழக்கம் ஹாலிவுட்டில் உண்டு. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஓடும். வில்லன் ஏன் இருமுகிறான், நகரம் ஏன் இருண்டு கிடக்கிறது, நாயகன் பின்னால் ஒரு பையன் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறான் என்பதற்கெல்லாம் அதில் காரணம் இருக்கும். டிரெய்லரைப் போல அதுவும் விளம்பரம்தான். ஆனால் டிரெய்லர் படத்திலிருந்தே வெட்டி எடுப்பது. இது தனியாக ஆள் வைத்து, பணம் போட்டு, வரைந்து செய்வது. பார்ப்பவனை டிக்கெட் வாங்க வைப்பதுதான் அதன் வேலை. நான் டிக்கெட்டை வாங்கி, படத்தைப் பார்த்து, ஒன்றும் புரியாமல் வெளியே வந்து, அதன் பிறகு விளம்பரத்தைத் தேடிப் போவேன். என்னை நம்பிச் செலவு செய்த விளம்பரக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இதில் எனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். எந்த நண்பர் கூட்டத்திலும் விஷயம் தெரிந்தவன் என்று ஒருவன் இருப்பான். கிரிக்கெட் புள்ளிவிவரம் சொல்பவன், ராஜா பாட்டின் ராகம் சொல்பவன், எந்த மெஸ்ஸில் எந்தக் கிழமை என்ன குழம்பு என்று சொல்பவன். எங்கள் கூட்டத்தில் இந்தப் பதவிகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. ஹாலிவுட் முன்கதை சொல்பவன் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. விண்ணப்பித்தேன். தகுதி இல்லை என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் சோதனை 2003-ல் வந்தது. ‘தி மேட்ரிக்ஸ் ரீலோடட்’ மே மாதம் வெளியாக இருந்தது. முதல் பாகத்தை எடுத்த வச்சோவ்ஸ்கிகள் ஜப்பானிய அனிமே பிரியர்கள். இரண்டாம் பாகத்துக்கு முன்னோட்டமாக ‘தி அனிமேட்ரிக்ஸ்’ என்று ஒன்பது குறும்படங்களை ஜப்பான், அமெரிக்கா, கொரியா என்று வெவ்வேறு ஊர்க் கலைஞர்களிடம் பிரித்துக் கொடுத்துச் செய்ய வைத்தார்கள். அதில் நான்கை அந்த வருடம் பிப்ரவரியிலிருந்து ஒவ்வொன்றாக இணையத்தில் இலவசமாகவே விட்டார்கள். இலவசம் அவர்களுக்கு. எனக்கு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. பதிவிறக்கத்தின் நீலப் பட்டை பாதிவரை வந்து நிற்கும். சென்டர்க்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் அவரைப் பார்ப்பேன். ஒரு நாள் பட்டை முக்கால்வாசி நிரம்பியபோது மின்சாரம் போனது. அந்த முக்கால்வாசிக்கும் காசு கொடுத்தேன்.

ஆகவே ஒன்றையும் பார்க்காமல், எல்லாம் பார்த்தவனின் முகத்தோடு தியேட்டருக்குப் போனேன். படத்தில் சயோன் நகரத்துக்கு நாயகன் நியோ வந்து இறங்கியதும் ஒரு பையன் ஓடி வருவான். மூட்டையைத் தூக்குகிறேன் என்று கெஞ்சுவான். தன்னைக் காப்பாற்றியது நியோதான் என்று நன்றியோடு பார்ப்பான். நீயேதான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டாய் என்பார் நியோ. யார் இவன், எப்போது காப்பாற்றினார், படத்தில் ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்து நாற்காலி நண்பன் என் பக்கம் சாய்ந்து, “யார்றா இவன்?” என்றான். பதவியேற்றவனுக்கு வந்த முதல் கேள்வி.

“நியோவோட தம்பி. முதல் பாகத்துல வெட்டிட்டாங்க” என்றேன்.

அவன் அதை அடுத்த நாற்காலிக்குச் சொன்னான். அது வரிசை முழுக்கப் போனது. இடைவேளையில் வேறு வரிசையிலிருந்து ஒருவர் வந்து தம்பியைப் பற்றி என்னிடமே விசாரித்தார். அவருக்கும் விளக்கினேன்.

சில மாதங்கள் கழித்து நண்பர்களில் ஒருவன் ‘அனிமேட்ரிக்ஸ்’ குறுந்தகடோடு வந்தான். அதில் ‘கிட்ஸ் ஸ்டோரி’ என்று ஒரு படம். ‘கௌபாய் பீபாப்’ தொடரை எடுத்த ஷினிச்சிரோ வதனாபே இயக்கியது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பையனுக்குத் தான் வாழும் உலகம் நிஜம்தானா என்ற சந்தேகம். துரத்துகிறார்கள். மொட்டை மாடியிலிருந்து குதிக்கிறான். குதித்தவன் நிஜ உலகத்தில் விழிக்கிறான். யாரும் வந்து எழுப்பவில்லை, தானாகவே எழுந்துவிட்டான். நியோ சொன்ன பதிலுக்கு அர்த்தம் அதுதான். அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. கல்லூரி முடிகிறவரை என் பெயர் ‘நியோ தம்பி’. இப்போதும் ஒரு வாட்ஸப் குழுவில் அந்தப் பெயரில்தான் என் எண் சேமிக்கப்பட்டிருக்கிறது.

அதே குறுந்தகடு என்னை இன்னொரு வீட்டிலும் கவிழ்த்தது. அம்பத்தூரில் மாமா வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சின்னப் பிள்ளைகள் இருவரும் கார்ட்டூன் வேண்டும் என்றார்கள். “என்கிட்ட இருக்கு அத்தை. ஜப்பான் கார்ட்டூன். ரொம்ப விசேஷமானது” என்றேன். அத்தையும் வெங்காயம் உரிக்கும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

தகட்டில் முதல் படம் ‘ஃபைனல் ஃப்ளைட் ஆஃப் தி ஒசைரிஸ்’. நானும் அதுவரை அதைப் பார்த்திருக்கவில்லை. ஒரு பயிற்சிக்கூடம். ஆணும் பெண்ணும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாள் வீசுகிறார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் எதிராளியின் உடையில் ஒரு துண்டு குறைகிறது. வியர்வை வரைக்கும் அசலாகச் செய்திருந்தார்கள். நிறுத்தலாம் என்று பதறி எதையோ தட்டினேன். படம் திரை முழுக்கப் பெரிதானது. அத்தை வெங்காயத்தை விட்டுவிட்டு, “இது எந்த டிவில வர்ற கார்ட்டூன்டா?” என்றார். சத்தம் கேட்டு மாமாவும் எட்டிப் பார்த்தார்.

“என்ன படம்?”

“மேட்ரிக்ஸ், மாமா. இது முன்கதை.”

“முன்கதையே இப்படியா” என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போய்விட்டார்.

நிலைமையைச் சரிசெய்ய அடுத்ததைப் போட்டேன். ‘தி செகண்ட் ரெனைசான்ஸ்’. மஹிரோ மயேதா இயக்கியது, இரண்டு பாகம். வரலாற்றுப் பாடம் மாதிரி ஒரு குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகும். வரலாறு என்றால் பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். மனிதர்களுக்கு அடிமையாக இருந்த இயந்திரங்கள், எஜமானைக் கொன்ற ஒரு ரோபோவின் விசாரணை, தெருவில் இயந்திரங்களைக் கும்பலாக அடித்து நொறுக்கும் மனிதர்கள், பிறகு போர், கடைசியில் மனிதர்களையே மின்சாரத்துக்காக அடைத்து வைக்கும் இயந்திரங்கள். பார்த்ததிலேயே மனதை உலுக்கிய அனிமேஷன் எதுவென்று கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கு இரவு அந்தப் பிள்ளைகள் இருவரும் மிக்ஸியைப் பார்த்துப் பயந்தார்கள் என்று அத்தை தொலைபேசியில் சொன்னார். அதன் பிறகு அந்த வீட்டில் நான் எதைக் கொண்டுபோனாலும், இனிப்புப் பெட்டியாக இருந்தாலும், முதலில் அத்தை திறந்து பார்ப்பார்.

அந்த வியர்வைத் துளிகளைச் செய்தவர்களின் நிலைமை என்னுடையதைவிட மோசம் என்பது பின்னால் தெரிந்தபோது ஓர் ஆறுதல். ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் இருந்த ஸ்குவேர் பிக்சர்ஸ் நிறுவனம் 2001-ல் ‘ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’ என்ற முழுநீளப் படத்தை எடுத்தது. நிஜ மனிதர்களைப் போலவே கணினியில் மனிதர்களைச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தில் 13.7 கோடி டாலர் செலவு. உலகம் முழுக்க வசூல் சுமார் 8.5 கோடி. நிறுவனம் எழவே இல்லை. அவர்கள் கடைசியாகச் செய்து கொடுத்த வேலைதான் ‘ஒசைரிஸ்’. மூடப்போகிற பட்டறையில் இருந்துகொண்டு அடுத்தவர் படத்துக்கு விளம்பரம் செய்துகொடுத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு குறை சொல்ல முடியாதபடி. அதை இயக்கிய ஆண்டி ஜோன்ஸ் பின்னாளில் ‘அவதார்’ படத்தின் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் வாங்கிய குழுவில் ஒருவர். தோல்வியிலிருந்து எழுந்து போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று பதிவு செய்கிறேன். நான் அந்த ரகம் இல்லை.

2005-ல் முதல் வேலை. அலுவலக மின்னஞ்சல் கையில் கிடைத்த புதிது. ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ பார்த்துவிட்டு வந்து, ‘ஸ்டார் வார்ஸ்: ஜார்ஜ் லூகாஸ் கோட்டை விட்ட இடங்கள்’ என்ற தலைப்பில் குழு முழுவதற்கும் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். முதல் குற்றச்சாட்டு ஜெனரல் கிரீவஸ் மீது. உடம்பெல்லாம் இரும்பு, நான்கு கைகளில் நான்கு ஒளிவாள் சுழற்றுகிறவன், அப்படிப்பட்டவன் படம் தொடங்கியதிலிருந்து காசநோய்க்காரனைப் போல இருமிக்கொண்டே இருக்கிறானே, இயந்திரத்துக்கு ஏது இருமல், லூகாஸுக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பும் எழுதியிருந்தேன்.

எல்லோருக்கும் போகும்படி ஒரே ஒரு பதில் வந்தது, புதிதாகச் சேர்ந்திருந்த பயிற்சியாளரிடமிருந்து: “சார், கார்ட்டூன் பாருங்க.”

‘சாமுராய் ஜாக்’, ‘டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி’ செய்த ஜென்டி டார்டகோவ்ஸ்கி, கார்ட்டூன் நெட்வொர்க்குக்காக 2003 முதல் ‘க்ளோன் வார்ஸ்’ என்று ஒரு குறுந்தொடர் செய்திருந்தார். தொடக்கத்தில் ஓர் அத்தியாயம் மூன்று நிமிடம்தான். விளம்பர இடைவெளி அளவுக்குள் ஒரு போர். கடைசிப் பகுதி படம் வெளியாவதற்கு இரண்டு மாதம் முன்னால், 2005 மார்ச்சில் ஒளிபரப்பானது. அதில் கிரீவஸ் அதிபரைக் கடத்திக்கொண்டு கப்பலேறும் நேரத்தில், ஜெடை வீரர் மேஸ் விண்டு தூரத்திலிருந்தே கையை நீட்டி விரல்களை மடக்குவார். கிரீவஸின் மார்புக்கூடு நசுங்கும். உள்ளே இருப்பது நிஜ நுரையீரல். கடத்தப்பட்ட அதிபரை மீட்கும் போரில் படம் தொடங்கும்போது அவன் இருமுகிறான். கார்ட்டூனில் அடிபட்டவனுக்குப் படத்தில் இருமல். இதைவிட நேர்த்தியான தையலை நான் பார்த்ததில்லை. அதாவது, முன்பு பார்க்கவில்லை. அந்த இருமல் ஒலியே கூட படப்பிடிப்புக் காலத்தில் லூகாஸ் இருமியதைப் பதிவுசெய்து சேர்த்தது என்று பிறகு படித்தேன். கோட்டை விட்டதாக நான் குற்றம் சாட்டியவர் தன் நெஞ்சுச் சளியைக்கூட வீணாக்காதவர்.

‘பேட்மேன்: காதம் நைட்’ விஷயத்தில் நான் செய்தது இன்னும் சுருக்கமானது. ‘தி டார்க் நைட்’ 2008 ஜூலை 18-ல் வெளியானது. அதற்குப் பத்து நாள் முன்னால் ஆறு குறும்படங்களின் தொகுப்பாக இது வந்தது. ஆறையும் வெவ்வேறு இயக்குநர்கள் ஜப்பானில் செய்தார்கள். பேட்மேனுக்குக் குரல் மட்டும் ஆறிலும் கெவின் கான்ராய். நண்பனின் பென் டிரைவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பேட்மேன் மலை மாதிரி இருக்கிறான். அடுத்ததில் சாக்லேட் விளம்பரத்துப் பையன் மாதிரி இருக்கிறான். யாரோ ஆறு வேறு படங்களை ஒட்டி ஏமாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து அழித்துவிட்டேன். முதல் குறும்படத்தின் கதையே அதுதான் என்பதை அப்போது கவனிக்கவில்லை. சில பிள்ளைகள், பேட்மேனை நேரில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை நிழல் என்கிறது, இன்னொன்று வௌவால் மிருகம் என்கிறது, மற்றொன்று இயந்திரம் என்கிறது. பார்க்கிறவனைப் பொறுத்து ஆள் மாறுகிறான் என்று பிள்ளைகளை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த வயது கடந்துவிட்டிருந்தது.

நம் பக்கத்துக்கும் இந்தப் பழக்கம் வந்தது. 2017 ஏப்ரலில், ‘பாகுபலி’ இரண்டாம் பாகம் வருவதற்குச் சில நாள் முன்னால், ‘பாகுபலி: தி லாஸ்ட் லெஜண்ட்ஸ்’ என்ற அனிமேஷன் தொடரின் முதல் அத்தியாயம் அமேசான் பிரைமில் வந்தது. அப்போது நாடு முழுக்க ஒரே கேள்வி: கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார்? எனக்கு உடனே பொறி தட்டியது. முன்கதை என்றால் காரணம் அதில்தானே இருக்கும்? ஊருக்கு முன்னால் விடையைத் தெரிந்துகொண்டு, டீக்கடையில் அலட்சியமாகப் போட்டு உடைக்கலாம். இரவில் தனியாக உட்கார்ந்து, குறிப்பேடு சகிதம் பார்த்தேன். பாகுபலியும் பல்லாளதேவனும் முடிசூட்டுக்கு முந்தைய வாலிபர்களாக மகிழ்மதியில் சாகசம் செய்துகொண்டிருந்தார்கள். கொலைக்கான காரணத்தின் வாசனைகூட இல்லை. கொலை நடப்பதற்கு எத்தனையோ வருடம் முந்தைய கதையில் கொலைக்கான காரணத்தைத் தேடியவன் என்ற பெருமை எனக்கு மட்டுமே உண்டு.

அதே வருடம் ஒரு வெற்றி கிடைத்தது. வாழ்க்கையில் முதல் முறையாக முன்கதைகளைப் படத்துக்கு முன்பே பார்த்து, புரிந்தும் கொண்டேன். ‘பிளேட் ரன்னர்’ 1982-ல் வந்தபோது கதை நடந்த வருடம் 2019. இரண்டாவது படமான ‘பிளேட் ரன்னர் 2049’ நடப்பது முப்பது வருடம் தள்ளி. நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப, இயக்குநர் டெனிஸ் வில்னவ் மூன்று குறும்படங்களை மற்றவர்களிடம் கொடுத்தார். 2036-லும் 2048-லும் நடக்கும் இரண்டை, முதல் படத்தை இயக்கிய ரிட்லி ஸ்காட்டின் மகன் லூக் ஸ்காட் நடிகர்களை வைத்து எடுத்தார். 2022-ல் நடப்பது அனிமேஷன். ‘பிளாக் அவுட் 2022’. இயக்கியது யார்? அதே வதனாபே. என்னை நியோ தம்பி ஆக்கியவர். இந்த முறை அவரிடம் ஏமாறுவதாக இல்லை.

செயற்கை மனிதர்களான ரெப்ளிகன்ட்களை மக்கள் வேட்டையாடுகிறார்கள். யார் மனிதன், யார் ரெப்ளிகன்ட் என்பதற்கான ஆதாரம் கணினிப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை அழித்தால் பிழைக்கலாம். ஆகவே லாஸ் ஏஞ்சலஸ் வானத்தில் ஓர் ஏவுகணையை வெடிக்கவைத்து, நகரத்தின் மின்சாரத்தையும் நினைவையும் ஒரே நேரத்தில் அணைக்கிறார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் இவ்வளவும் நடக்கும். பார்த்து, மனப்பாடம் செய்து, மனைவியைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். அவள் முதல் படமும் பார்த்ததில்லை. என்னைப் போன்றவனுக்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை.

படத்தில் துப்பறியும் கே, பழைய பதிவுகளைத் தேடி, ரெப்ளிகன்ட்களைச் செய்கிற வாலஸ் நிறுவனத்துக்குப் போகிறான். அங்கே ஓர் ஊழியர் வருவார். எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. இந்த இடம்தான்! மனைவியின் காதருகே குனிந்து, 2022-ல் என்ன நடந்தது, யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், ஏவுகணைத் தளத்துக்கு உள்ளே இருந்து உதவியது யார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். முடித்து நிமிர்ந்தபோது அந்தக் காட்சியும் முடிந்திருந்தது.

“அவன் என்னங்க சொன்னான்?”

“அதைத்தான் நானும் சொல்லிட்டிருந்தேன்.”

“நீங்க சொன்னது இருக்கட்டும். அவன் என்ன சொன்னான்?”

எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லையே. படம் 163 நிமிடம். மிச்ச நேரம் முழுக்க அவள் என் பக்கமிருந்த காதில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். வெகுநாள் கழித்து வீட்டில் மறுபடி பார்த்தபோதுதான் அந்த ஊழியர் சொன்னதைக் கேட்டேன். எல்லாவற்றையும் கணினியில் வைத்திருந்தோம், காகிதம் மட்டும்தான் தப்பியது, குழந்தைப் படங்கள் போய்விட்டன என்று என் அம்மா இன்றும் அழுகிறாள் என்கிறார் அவர். அவ்வளவுதான். வதனாபே பதினைந்து நிமிடம் எரித்த நகரத்தை, ஓர் அம்மாவின் தொலைந்துபோன குழந்தைப் படங்களில் வில்னவ் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியைத்தான் என் மனைவிக்குக் கேட்காமல் செய்தேன்.

கடைசித் தேர்வு 2024-ல். ‘கல்கி 2898 ஏடி’ படத்துக்கு முன்னோட்டமாக ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்று இரண்டு அத்தியாய அனிமேஷன் மே 31-ல் பிரைமில் வந்தது. ‘சோட்டா பீம்’ செய்கிற ஹைதராபாத் கிரீன் கோல்ட் நிறுவனத்தின் வேலை. காசியில் தலைக்கு விலை வைத்தவர்களைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கும் பைரவாவும், அவன் வண்டிக்குள் இருக்கும் செயற்கை மூளை புஜ்ஜியும் எப்படிக் கூட்டாளிகள் ஆனார்கள் என்ற கதை. பைரவா பிரபாஸ், புஜ்ஜியின் குரல் கீர்த்தி சுரேஷ். படம் ஜூன் 27-ல். அவகாசம் தாராளம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளோடு உட்கார்ந்து முறையாகப் பார்த்தேன். அதோடு நிற்கவில்லை. அந்த வண்டியைப் பற்றியும் படித்தேன். இயக்குநர் நாக் அஸ்வின் ட்விட்டரில் ஆனந்த் மஹிந்திராவிடம் உதவி கேட்டது, மஹிந்திராவின் பொறியாளர்களும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து நிஜமாகவே ஓடக்கூடிய வண்டியாக அதைச் செய்தது, எடை ஆறு டன் என்பது, முன்னால் இரண்டு ராட்சதச் சக்கரமும் பின்னால் உருண்டையான ஒரே சக்கரமும் என்பது வரை எல்லாம் விரல் நுனியில்.

தியேட்டரில் புஜ்ஜி திரையில் வந்ததும் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “சார், இந்த வண்டி கிராஃபிக்ஸ் இல்ல. நம்ம கோயம்புத்தூர்ல செஞ்சது” என்றேன்.

“தெரியும் சார். நான் கோயம்புத்தூர்தான்” என்றார் அவர்.

அடுத்த பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு சிறுவன் தன் அப்பாவுக்கு அனிமேஷனின் இரண்டாம் அத்தியாயத்தை விளக்கிக்கொண்டிருந்தான். முன் வரிசையிலும் அதே பேச்சு. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அதில் பிரைம் இருக்கிறது. தெரிந்தவன் என்ற பதவிக்கு நான் ஒருவழியாகத் தகுதி பெற்ற அன்று, அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டிருந்தது. மகள் மட்டும்தான் மிச்சம். அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “அப்பா, நாம சேர்ந்துதானே பார்த்தோம்” என்றாள். மூன்று மணி நேரப் படம். புஜ்ஜி திரையில் இல்லாத நேரமெல்லாம் அவள் தூங்கினாள்.

இத்தனை அடி வாங்கிய பிறகு ஒன்று புரிகிறது. முன்கதை தெரியாதவனுக்குப் படம் புரியாமல் போக எந்தக் கம்பெனியும் விடாது. பணம் போட்டவன் அவ்வளவு ஏமாளி இல்லை. ‘ஒசைரிஸ்’ கப்பலில் ஒரு பெண் உயிரைக் கொடுத்து ஓர் எச்சரிக்கையைத் தபால் பெட்டியில் போடுகிறாள். ‘என்டர் தி மேட்ரிக்ஸ்’ என்ற வீடியோ கேமில் அது தபால் நிலையத்திலிருந்து மீட்கப்படுகிறது. படத்திலோ, ஒசைரிஸிடமிருந்து தகவல் வந்தது, இயந்திரங்கள் தோண்டிக்கொண்டு வருகின்றன என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கார்ட்டூன் பார்த்தவனும் கேம் விளையாடியவனும் இரண்டையும் விட்டவனும் அந்தக் கூட்டத்தில் சமம். கிரீவஸ் ஏன் இருமினால் என்ன, அவன் கெட்டவன் என்பது குழந்தைக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையின் ஏழு தலைமுறையை ஒப்பிக்கிற விருந்தாளி நான். பக்கத்து இலைக்காரருக்கு ரசம் வந்ததா என்பதுதான் கவலை.

அப்படித் தேவையில்லாததாக இருப்பதுதான் அவற்றின் பாக்கியம் என்றும் தோன்றுகிறது. கோடிக்கணக்கில் பணம் போட்ட படத்தில் ஒரு காட்சியை மாற்றவே பத்துப் பேர் சம்மதிக்க வேண்டும். எதுவும் தன்னைச் சார்ந்திராத பத்து நிமிடத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்? அந்தக் கவனிப்பாரற்ற இடத்தில்தான் கலைஞர்கள் விளையாடியிருக்கிறார்கள். தகேஷி கொய்கேயின் ‘வேர்ல்ட் ரெக்கார்ட்’டில் ஒரு நூறு மீட்டர் ஓட்டக்காரன், சதை கிழிய ஓடி, அந்த வேகத்தாலேயே ஒரு நொடி மேட்ரிக்ஸ் என்ற பொய்யுலகத்தை உடைத்து வெளியே விழித்துவிடுகிறான். நியோ இல்லை, துப்பாக்கி இல்லை, கறுப்புக் கோட்டு இல்லை. பெரிய படத்தில் இப்படி ஒருவனுக்கு இடம் கிடைக்காது. கிடைத்தாலும் ஓட விடமாட்டார்கள். இவற்றைத் தேர்வுக்குப் படிக்கிற பாடம் மாதிரி படித்தவன் நான்.

சமீபத்தில் வீட்டில் ‘பியாண்ட்’ பார்த்துக்கொண்டிருந்தேன். கோஜி மொரிமோட்டோ இயக்கிய ‘அனிமேட்ரிக்ஸ்’ படம். டோக்கியோவில் யோகோ என்ற பெண் காணாமல்போன பூனையைத் தேடி ஒரு பாழடைந்த வீட்டுக்குப் போகிறாள். மேட்ரிக்ஸ் நிரலில் அந்த இடத்தில் ஒரு கோளாறு. புவியீர்ப்பு தப்பியிருக்கிறது, உடைந்த பாட்டில் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. தெருப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மைதானம். மேலிருந்து குதித்து, தரைக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நிற்கிறார்கள். பிறகு ஆட்கள் வந்து அந்தக் கோளாறைச் சரிசெய்துவிடுகிறார்கள். இந்தக் கதையின் சோகமே அந்தப் பழுதுபார்த்தல்தான்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை பார்த்தாள். மேட்ரிக்ஸ் என்ற பெயர் அவளுக்குத் தெரியும். படங்கள் எதையும் பார்த்ததில்லை.

“நல்லா இருக்குங்க. இது எதோட ஆரம்பம்?”

எத்தனையோ வருடமாக நான் காத்திருந்த கேள்வி. ஒன்றும் தெரியாத ஆள், நிஜமான ஆர்வம், பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர் யாரும் இல்லை.

“எதோட ஆரம்பமும் இல்ல. இதோட முடிஞ்சுது” என்றேன். என் வாழ்க்கையிலேயே முதிர்ச்சியான பதில் அது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா, இதுல வர்ற கோளாறு எதனாலன்னா, முதல் பாகத்துல ஒரு கறுப்புப் பூனை ரெண்டு தடவை போகும்…” என்று ஆரம்பித்தேன்.

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் மிச்சத்தைச் சொன்னேன்.